தலையை ஆட்டாமல் ஒரு லேப்டாப் வாங்குவது

சலேகா என்ற சொல் இல்லாவிட்டால் பம்பாய்த் தமிழன் ஒரு நாளைக் கடப்பது கஷ்டம். இந்திக்காரனுக்கு அது ‘நடக்கும்’, ‘பரவாயில்லை’, அவ்வளவுதான். எங்கள் வாய்க்கு வந்த பிறகு அது ஒரு வாழ்க்கை முறை. சாயாவில் சர்க்கரை மறந்துவிட்டானா? சலேகா. ஹார்பர் லைன் வண்டியில் மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் நாலாவது ஆளாகப் பாதி உடம்பை வைத்து, மீதி உடம்பைக் காற்றில் தொங்கப் போட்டுக்கொண்டு குர்லா வரை போக வேண்டுமா? சலேகா. வீடு பார்க்கப் போன இடத்தில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்துக்காரர் பல் துலக்கும் ஓசை நம் வாய்க்குள்ளேயே கேட்கிறதா? அதுவும் சலேகா. அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம். அவர் பிரஷ் மாற்றினால் எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலை, செம்பூர் வீட்டு வாசலில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மகள் குறுக்கே வந்து நின்றாள்.

“ப்பா, இன்னிக்கி கடையில நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.”

“என்ன வார்த்தை?”

“உங்களுக்கே தெரியும்.”

“சொன்னாத்தானே தெரியும்.”

“நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா நீங்க கூடவே சொல்லுவீங்க.”

சமையல் மேடைப் பக்கமிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “ஏட்டி, வாயே தொறக்க வேண்டாம்னு சொல்லு. அதான் சுளுவு.”

மகளின் பயத்துக்குக் காரணம் மேஜை மேலேயே இருந்தது. என் அலுவலகத்தில் பழைய லேப்டாப்புகளை ஊழியர்களுக்கே கொடுத்துத் தீர்த்தபோது நான் ஒன்றை எடுத்து வந்திருந்தேன். மூடியைத் தட்டிப் பார்த்து, அந்தச் சொல்லைச் சொல்லி, எடுத்து வந்தது. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் பிறந்த பெட்டி அது. இரண்டு வீடியோவை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் தியானத்தில் உட்கார்ந்துவிடும். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்; பிராகாரம் சுற்றுகிற பக்தனுக்குக்கூட ஒரு முடிவு உண்டு.

அவள் மீடியா படிப்பில் இரண்டாம் ஆண்டு. நாலு பேர் சேர்ந்து ஒரு குழு, பருவத்துக்கு ஒரு குறும்படம். யாருக்கு எங்கே வெட்டத் தெரியும் என்று அங்கே யாரும் பரீட்சை வைப்பதில்லை. யாரிடம் தாங்குகிற மெஷின் இருக்கிறதோ அவரே எடிட்டர். சென்ற படத்தில் முலுண்டிலிருந்து வருகிற தோழி எடிட்டர். என் மகள் மைக் கட்டிய குச்சியைப் பிடித்தாள், எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருந்தாள், பிறகு எடிட்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று “இன்னும் கொஞ்சம் முன்னாடி கட் பண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் “அச்சா, அச்சா” என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி வெட்டினாள். படம் முடிந்த அன்று மகள் தட்டில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டே, “எங்க வெட்டணும்னு கண்ணுக்குத் தெரியுதும்மா, கைதான் அடுத்தவ கையா இருக்கு” என்றாள். எழுதுகிறவன் நான். இப்படி ஒரு வாக்கியம் என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் விழும்போது அதைக் குனிந்து எடுக்காமல் எப்படி இருப்பேன்?

இந்த முறை படம் மாட்டுங்காவின் இசட் பிரிட்ஜைப் பற்றியது. சென்ட்ரல் லைனிலிருந்து வெஸ்டர்ன் லைனுக்கு மடங்கி மடங்கி நடக்கிற அந்த நீளப் பாலம்தான். படம்பிடித்து முடித்தாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு காலை குழு கூடுகிறது. “உன் மெஷின் தாங்கினால் இந்த வாட்டி நீயே பண்ணு, இல்லைன்னா நான் திங்கக்கிழமை முடிச்சுக் குடுத்திடறேன்” என்று முலுண்ட் பெண் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பெருந்தன்மைதான் மகளை உறுத்தியது. ஆகவே சனிக்கிழமை மாலைக்குள் ஒரு லேப்டாப். எதுவோ ஒன்று அல்ல, தாங்குகிற ஒன்று.

தாராவியில் என் மைத்துனன் எங்களோடு சேர்ந்துகொண்டான். மனைவியின் தம்பி. தோல் பை, ரெக்சின் பை எல்லாம் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். மாட்டுங்காவில் நாங்கள் போகவிருந்த கடையில் லேப்டாப்போடு இலவசமாகக் கொடுக்கும் பைகள் அவனுடையவை. “நமக்கு அங்கன ஏக்தம் ஜான்பெச்சான், அத்தான், நல்ல பழக்கம். நீங்க சும்மா வந்து நில்லுங்க, போதும்” என்றான். நிற்பதற்கு எனக்கு இருபக்கமிருந்தும் உத்தரவு கிடைத்துவிட்டது. அன்றைக்கென்று கண்ணைப் பறிக்கும் கத்தரிப்பூ நிறத்தில் புதுச் சட்டை போட்டிருந்தான். சட்டையைப் பற்றி நாங்கள் யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று சயான் வரை காத்திருந்தான். யாரும் சொல்லவில்லை. “ஜவுளிக் கடைக்காரன், இந்தக் கலர்ல ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சின்னான்” என்று கடைசியில் அவனே ஆரம்பித்தான்.

கடைக்காரர் தினமும் உல்லாஸ்நகரிலிருந்து வருகிறவர். வாடிக்கையாளர் எல்லோருமே அவருக்கு இரண்டு சாதி: இளையவர் ‘பேட்டா’, தமிழர் ‘அண்ணா’. மகள் மைத்துனனின் ஜான்பெச்சானுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பையிலிருந்து தன் ஹார்ட் டிஸ்கை எடுத்தாள்.

“அங்கிள், இதுல என் ஃபுட்டேஜ் இருக்கு. உங்க டெமோ மெஷின்ல எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டு ஓட்டிப் பாக்கணும்” என்று இந்தியில் கேட்டாள்.

“பேட்டா, சப் சலேகா” என்றார் அவர். எல்லாம் நடக்கும்.

என் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

“சலேகான்னா எப்படி? ஓடுமா, நடக்குமா, நொண்டுமா?”

அவர் சிரித்தார். “பேட்டா, இது சலேகா இல்ல. தௌடேகா!”

நடக்காது, ஓடும். இந்த நகரத்தில் விற்கிறவனிடம் இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது, பறக்கும் என்பான். அந்தப் படி வருவதற்குள் அவள் முதல் மெஷினுக்குள் சாஃப்ட்வேரை ஏற்றத் தொடங்கிவிட்டாள்.

அந்த முதல் மெஷின் ஓர் அழகி. கேம் விளையாடுகிறவர்களுக்கென்று செய்தது. திறந்தால் சாவிப் பலகைக்கு அடியிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று வெளிச்சம் ஓடுகிறது. மைத்துனன் அதன் முன்னால் கைகட்டி நின்றான்.

“மருமவளே, பாத்தியா? கோயில் கொடைக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி எரியுது. இதுதான். வேற எதையும் பாக்காண்டாம்.”

“மாமா, லைட்ட வெச்சு எடிட் பண்ண முடியாது.”

“லைட்டு எரியுதுன்னா உள்ள தெம்பு இருக்குன்னு அர்த்தம்லா.”

தெம்பு இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். பாலத்தின் இரண்டு காட்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஓட்டினாள், தடுக்கவில்லை. ஆனால் ஓட ஆரம்பித்ததும் அதன் வயிற்றுக்குள்ளிருந்த விசிறி தாதர் ஃபாஸ்ட் வண்டிபோல இரைந்தது. மகள் முகம் சுளித்தாள். வீட்டிலேயே பின்னணிக் குரல் பதிவு செய்ய வேண்டும். குரலுக்குப் பின்னால் ஒரு வண்டி நிரந்தரமாகப் போய்க்கொண்டிருக்கக் கூடாது. கடையின் மறுகோடியில் யாரும் சீண்டாமல் சாம்பல் நிறத்தில் ஒரு மெஷின் உட்கார்ந்திருந்தது. கோடைக்கால மதியத்தில் சீட்டு கொடுக்கிற ரயில்வே குமாஸ்தாபோல ஒரு முகம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவள் அங்கே போய்விட்டாள்.

இங்கே நானும் கடைக்காரரும் தனியானோம்.

அவர் எனக்கு விளக்க ஆரம்பித்தார். கிராபிக்ஸ் கார்டு என்றார், ராம் என்றார், ரெண்டர் என்றார். அந்தக் கடைசிச் சொல்லில் என் மனம் மாட்டிக்கொண்டது. வெட்டி ஒட்டிய துண்டுகளையெல்லாம் மெஷின் ஒரே படமாகக் காய்ச்சி எடுப்பதற்குத்தான் அந்தப் பெயராம். பாகு காய்ச்சுவதுபோல. கம்பிப் பதம் வந்ததா என்று பார்ப்பதுபோல. எத்தனையோ துண்டுகளை வைத்துக்கொண்டு பதம் வராமல் கிளறிக்கொண்டிருக்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர், அவர்களுக்கெல்லாம் ஒரு விசிறி உள்ளே இரைந்தால் எப்படி இருக்கும், என்று நான் போய்க்கொண்டிருந்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் “பேக் ஃப்ரீ, மவுஸ் ஃப்ரீ” என்பது காதில் விழுந்தது. “டீக் ஹை, அண்ணா?”, சரிதானே, என்பதும் விழுந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். தலைதான் ஆடியது.

தமிழன் தலை இடமும் வலமுமாக ஆடுவதற்கு ஒரு பொருள் இல்லை. கேட்கிறேன் என்று ஒன்று. புரிகிறது என்று ஒன்று. புரியவில்லை, ஆனால் நீங்கள் நிறுத்த வேண்டாம் என்று ஒன்று. உங்கள் குரல் நன்றாக இருக்கிறது என்றுகூட ஆடும். கச்சேரியில் ஆடுவது அதுதானே. உல்லாஸ்நகர்க்காரருக்கு இந்த அகராதியில் ஒரே ஒரு பக்கம்தான் தெரியும். அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். அந்த அழகியின் புதுப் பெட்டி ஒன்று வந்தது. கையில் பிளேடு வந்தது. பெட்டியின் டேப் மேல் பிளேடு பாதி தூரம் ஓடியபோதுதான் மகள் தற்செயலாகத் திரும்பினாள்.

“ருக்கோ! அங்கிள், ருக்கோ!”

ஹெட்ஃபோன் வயரோடு ஓடி வந்தாள். பிளேடு நின்றது.

“ப்பா! என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணுமே சொல்லல.”

“அத்தான் வாயத் தொறக்கல மருமவளே, நான் சாட்சி” என்றான் மைத்துனன். “தல மட்டும் ஆடிச்சி. கரகம் மாதிரி ஆடிச்சி.”

கடைக்காரர் மனம் புண்பட்டு இந்தியில் சொன்னார்: “பேட்டா, அண்ணா ‘ஹா’, ஆமாம், என்றாரே!”

“அது ஹா இல்ல, அங்கிள்” என்று அவளும் இந்தியிலேயே சொன்னாள். “அது தமிழ்.”

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பிளேடைக் கீழே வைக்கவில்லை. சீல் உடைந்தால் உடைந்ததுதான், இனி இந்தப் பெட்டியை வேறு யாரிடம் விற்பது என்றார். பாதிதான் உடைந்திருக்கிறது என்றாள் அவள். பாதி உடைந்த சீல் என்று ஒன்று கிடையாது என்றார் அவர். மைத்துனன் வேறு சீரியல் செட் பக்கம் சாய்ந்து, “அதான் தெய்வமாப் பாத்து தெறந்து விட்டிருக்குலா, எடுத்துருவோம் மருமவளே” என்றான். அவள் முகம் சிறுத்துப் போயிற்று. மறுநாள் காலை அந்த இரைச்சல் பெட்டியோடு நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்போல. எனக்குத் தலையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. மைத்துனன் தைத்த பைதான், தாங்கும்.

பிறகு அவள் மாமாவை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள்.

“மாமா, அப்படியே நில்லுங்க. சிரிங்க.”

“எதுக்கு?”

“சட்டை சூப்பரா இருக்கு.”

தாராவியிலிருந்து காத்திருந்த சொல் அது. அவன் மலர்ந்து நின்றான். கைபேசியில் ஒரு படம் எடுத்தாள். அதையே இரண்டு மெஷினிலும் ஏற்றினாள். சாம்பல் குமாஸ்தாவைத் தூக்கி வந்து அழகியின் பக்கத்தில் வைத்தாள். இரண்டு திரையிலும் என் மைத்துனன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“மாமா, உங்க சட்டை என்ன கலர்?”

“கத்தரிப்பூ.”

“இதுல?” சாம்பல் மெஷினைக் காட்டினாள்.

“கத்தரிப்பூ. அப்படியே கடையில பாத்த மாதிரி.”

“இதுல?”

அவன் குனிந்தான். கண்ணைச் சுருக்கினான். தன் சட்டையை ஒரு தடவை பார்த்தான், திரையை ஒரு தடவை பார்த்தான். சீரியல் செட் எரிகிற மெஷினில் அவன் ஊதாவும் இல்லாத நீலமும் இல்லாத ஒன்றை அணிந்திருந்தான். தோபியிடம் வருஷக்கணக்கில் போய் வந்த பள்ளிக்கூடச் சீருடை மாதிரி.

“என்ன இது, சாயம் போனாப்ல காட்டுது!”

“அந்த ஸ்கிரீன் கலரை ஒழுங்காக் காட்டாது மாமா. கேம் விளையாட போதும். இதுல கலர் பாத்துப் பாத்து சரி பண்ணி நான் படம் குடுத்தா, காலேஜ் ஸ்கிரீன்ல எல்லாரும் வேற கலர்ல இருப்பாங்க.”

அவள் சொன்ன விளக்கம் அவன் காதில் ஏறியதா தெரியாது. சட்டைக்கு ஏற்பட்ட அவமானம் ஏறியது. நிமிர்ந்தான். கடைக்காரரிடம் அவன் பேசிய இந்தியில் பாதி திருநெல்வேலி. சாரம் இது: புதுச் சட்டையைப் பழசாக்குகிற பெட்டியை என் மருமகள் தலையில் கட்டப் பார்க்கிறாயா, இந்தப் பாதி டேப்பை என் பட்டறை டேப்பால் நானே பெற்ற தாய்க்கும் தெரியாமல் ஒட்டித் தருகிறேன், இல்லை அதை நீ டெமோவுக்கு வைத்துக்கொள், எதுவும் வேண்டாமென்றால் தீபாவளிக்கு உனக்குப் பைகள் யார் தைப்பார்கள் என்று இப்போதே யோசித்துக்கொள். கடைக்காரர் யோசித்தார். யோசித்துப் பிளேடைக் கல்லாவுக்குள் போட்டார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். “ப்பா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க. ரோட்டப் பாருங்க.”

ரோட்டைப் பார்த்தேன். மாட்டுங்காவில் ரோட்டைப் பார்ப்பது தண்டனை ஆகுமா? வாழையிலைக் கட்டுகள், முழம் போடுகிற கைகள், காப்பிக் கொட்டை வறுபடுகிற மணம் வெயிலோடு கைகோத்து நடந்தது. ஒரு டாக்சிக்காரர் கதவில் சாய்ந்து தேங்காய் உடைக்கிற சத்தத்துக்குத் தாளம் போட்டார். இதையெல்லாம் பார்த்து ஆடத் துடித்த தலையைக் கழுத்து சுளுக்கியவன்போலப் பிடித்து வைத்திருந்தேன். பூக்காரம்மா ஒருத்தி பார்த்துவிட்டு, “என்ன சார், ராத்திரி தலகாணி சரியில்லியா?” என்றாள். ஆமாம் என்று ஆட்டவும் பயமாக இருந்தது.

உள்ளே திரும்பியபோது புது இக்கட்டு. சாம்பல் மெஷின் தாங்குகிறது, விசிறி முணுமுணுப்பதோடு சரி, சட்டை சட்டையாகத் தெரிகிறது. ஆனால் கடையில் இருப்பது அந்த ஒன்றுதான். பெட்டி பிரிக்காத புதுசு வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைக்குள் முலுண்ட் பெண் படத்தை முடித்துவிட்டிருப்பாள். டெமோவுக்கு வைத்ததையே எடுத்துக்கொண்டால் விலையில் குறைக்கிறேன், வாரண்டியும் முழுசாகத் தருகிறேன் என்றார் கடைக்காரர். மூடியில் ஒரு கீறல் இருந்தது, யாரோ மோதிரம் போட்டவர் தடவிப் பார்த்த கீறல். மகள் அதன் மேல் விரலை ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். எங்கள் மூன்று பேரையும் பார்க்காமல், மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“சலேகா.”

மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் சாலையைப் பார்த்தேன். “யாரும் சிரிக்கக் கூடாது” என்றாள்.

ஓசிப் பைக்குள் அந்த மெஷின் குடைக்குள் எறும்புபோல நின்றது, பை அத்தனை பெரிசு. “பையில தப்பு இல்ல” என்றான் மைத்துனன். “மெஷின்தான் வளரல.”

ஞாயிறு காலை எங்கள் ஒரு அறையும் சமையல் மூலையுமான வீட்டில் நாலு பேரும் அடைந்திருந்தார்கள். இருக்கிற ஒரே நாற்காலியில் மகள். முலுண்ட் பெண் முதலில் தானே பாலத்துக் காட்சிகளை அடுக்கி ஓட்டிப் பார்த்தாள், நிறுத்தி நிறுத்தி, முன்னும் பின்னும். மெஷின் ஒரு தடவைகூட வட்டம் சுற்றவில்லை. “ஓகே, யூ டூ இட்” என்று எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்ததில் கொஞ்சம் வருத்தம் இருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு அந்தப் பெண் “இன்னும் கொஞ்சம் முன்னாடி” என்று சொல்ல, என் மகள் “அச்சா, அச்சா” என்று தன் இஷ்டப்படி வெட்டிக்கொண்டிருந்தாள்.

சாயா கொடுக்கிற சாக்கில் நான் பின்னால் போய் நின்றேன். பாலத்தின் வளைவில் ஒரு பெண் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறுகிறாள். கீழே வண்டி போகிறது. கம்பியின் நிழல் கூடை மேல் ஏறி, அவள் முழங்கையில் நடந்து, மறுபக்கம் இறங்குகிறது. படம்பிடித்த அன்று குடை பிடிக்கப் போன நான்தான் அதை மகளுக்குக் காட்டினேன். இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நிழல் ஏறிற்று. நடந்தது. இறங்குவதற்கு முன்னால் அவள் நிறுத்தினாள்.

“ப்பா, நல்ல ஷாட். ஆனா ரொம்ப நேரம் நிக்குது.”

“நிழல் எறங்கணுமேம்மா.”

“அதுக்குள்ள பாக்கறவங்க எறங்கிப் போயிருவாங்க.”

“நான் போக மாட்டேன்.”

“நீங்க ஒருத்தர்தான் போக மாட்டீங்க.”

மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், பெரியவர் ஏதாவது சொல்வாரோ என்று. அவள் பார்க்கவில்லை. விரல் ஒரு சாவியில் இறங்கியது. முழங்கையில் பாதி வழியில் நிழல் நின்றுபோய், அடுத்த கணம் வேறு யாரோ ஒருவர் மாட்டுங்கா ரோடு பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. நடக்கிறவரின் வேகம் அந்த நிழலை எங்கோ தூக்கிக்கொண்டு போனதுபோல இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

காலி டம்ளர்களோடு சமையல் மூலைக்கு வந்தேன்.

“என்ன, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?” என்றாள் மனைவி, அவலைத் தாளித்துக்கொண்டே.

“என் ஷாட்ட வெட்டிட்டா.”

“யாரக் கேட்டு?”

“யாரையும் கேக்கல. எடிட்டர்லா.”

அவள் கரண்டியை நிறுத்தி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் முதுகு மட்டும் தெரிந்தது, யாரோ ஏதோ சொல்ல, “நை, நை, இங்கதான்” என்று மகளின் குரல். மனைவி திரும்பி அவல் மேல் தேங்காய்த் துருவலைத் தூவினாள்.

“நல்லதாப் போச்சி. நீங்க எழுதினதையும் ஒருக்கா அவகிட்ட குடுத்துப் பாருங்க. பாதியாக் கொறச்சுத் தருவா.”